கறுப்புப் பெட்டிக்குள் ஒரு வெள்ளை ஏப்ரன்

பெட்டியைத் திறந்ததும் முதலில் அந்துருண்டை மணம் வந்தது. கொஞ்சம் பிந்தி, பதனிட்ட தோலின் மணம். மாதத்தில் ஒரு நாள் உம்முடைய காரிலும் இதே மணம் இருக்கும். பின் இருக்கையில் இந்த நீளமான கறுப்புப் பெட்டி படுத்திருக்கும். அன்றைக்கு வேலை முடிந்ததும் நீர் ஒஷாவாவிலேயே நின்றுவிடுவீர். நான் ரயிலேறி வீட்டுக்கு வருவேன்.

இந்தமுறை பெட்டி என்னுடைய மடியில் இருந்தது. ரூஜில் உம்முடைய வீட்டை விற்றாயிற்று. உம்முடைய மனைவி விட்பியில் மகளோடு போய் இருக்கப்போகிறார். வரவேற்பறை முழுக்க அட்டைப்பெட்டிகள். உட்கார நாற்காலி இல்லாமல் அவர் பாத்திரங்கள் கட்டிய பெட்டி ஒன்றின் மேல் இருந்தார். அலுமாரியின் மேல்தட்டில், குளிர்காலப் போர்வைகளுக்குப் பின்னால் இதைக் கண்டெடுத்தாராம். உள்ளே இடுப்பில் கட்டும் ஒரு வெள்ளை ஏப்ரன், ஆட்டுக்குட்டித் தோலில் செய்தது. ஒரு சோடி வெள்ளைக் கையுறை. அவற்றின் அடியில், மட்டை கழன்ற உம்முடைய அம்மாவின் தோத்திரப் புத்தகம்.

"அண்ணை, மறைக்காமல் சொல்லுங்கோ," என்று உம்முடைய மனைவி கேட்டார். "அவர் உங்கட சபையிலை சேர்ந்திட்டாரோ?"

நான் வாயைத் திறக்குமுன் உம்முடைய மகள் சமையலறையிலிருந்து வந்தாள். "அங்கிள், நான் நெட்டிலை தேடிப் பாத்தனான். வைட் ஏப்ரன், டெம்பிள், சீக்ரெட் எண்டு போட்டால் உங்கட சேர்ச்தான் வருது. மோர்மன்ஸ். இட்ஸ் ஓகே, நாங்கள் கோவிக்கமாட்டம். அம்மாவுக்குத் தெரியவேணும், அவ்வளவுதான்."

கோவிக்கமாட்டோம் என்று அவள் சொன்னாளே தவிர, உம்முடைய மனைவியின் முகம் அப்படிச் சொல்லவில்லை. முப்பத்துநான்கு வருடம் கூட இருந்தவர், தனக்குச் சொல்லாமல் வேறொரு சாமியைக் கும்பிடப் போய்விட்டாரோ என்று கேட்கிற முகம் அது. நீர் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. ஆட்டைத்திவசத்துக்குப் பதினேழு நாள் இருந்தது.

இரண்டு வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பதிலின் வாலைப் பிடித்துக்கொண்டு வேறொன்றும் வெளியே வரும் என்று எனக்குத் தெரியும். அதனால் ஏப்ரனைத் தடவிக்கொண்டிருந்தேன். உம்மை நினைத்துக்கொண்டு என்றும் சொல்லலாம். உமக்குப் பயந்துகொண்டு என்பதுதான் சரி.

நாங்கள் சந்தித்தது ஒஷாவாவில், கார்களுக்கு இருக்கை செய்து கொடுக்கும் தொழிற்சாலையில். அங்கே வேலையில் நீர் என்னைவிட எட்டு மாதம் மூப்பு. இரண்டு பேரும் ரூஜில் நாலு தெரு தள்ளி இருந்ததால், ஒரு கிழமை உம்முடைய கார், ஒரு கிழமை என்னுடைய கார் என்று ஒழுங்கு செய்துகொண்டோம். அந்த ஒழுங்கு பத்தொன்பது வருடம் போனது. கட்டிய மனைவிமாரோடு கூட நாங்கள் இவ்வளவு கதைத்திருக்கமாட்டோம்.

முதற்கிழமையே, கோப்பிக்கடை வரிசையில் காரை விட்டுவிட்டு, "உமக்கு என்ன?" என்று கேட்டீர்.

"ஹொட் சொக்லேட்."

"என்ன காணும், சின்னப்பிள்ளையே?"

"எங்கட சபையிலை தேத்தண்ணி, கோப்பி குடிக்கிறேல்லை."

வரிசை நகர்ந்தும் நீர் நகரவில்லை. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான். "சாராயத்தை விட்ட யாழ்ப்பாணத்தானைக் கண்டிருக்கிறன்," என்றீர். "தேத்தண்ணியை விட்டவனை இண்டைக்குத்தான் காணுறன்."

நான் மோர்மன் என்கிற அமெரிக்கக் கிறிஸ்தவ சபையில் சேர்ந்தது எதையும் ஆராய்ந்து அல்ல. அகதியாக வந்த முதல் வருடம், ஸ்காபரோவில் ஒரு தொடர்மாடியின் ஒன்பதாம் மாடி. லிஃப்ட் பழுது. யாரோ கொடுத்த பழைய சோபாவோடு கீழே நான் முழித்துக்கொண்டு நின்றபோது, கழுத்துப்பட்டி கட்டிய இரண்டு வெள்ளைக்காரப் பொடியன்கள் வந்தார்கள். கேட்காமலே சோபாவின் இரண்டு முனையையும் தூக்கினார்கள். அடுத்த நாள் வந்து கதவைத் தட்டினார்கள். நான் திறந்தேன். அதற்குப் பிறகு இன்றுவரை அந்தக் கதவை நான் மூடவில்லை. என் மனைவி மட்டும் இன்றைக்கும் சனிக்கிழமை தவறாமல் எள்ளெண்ணெய் எரிக்கிறாள். அவளையும் ஒருவரும் தடுக்கவில்லை.

உம்முடைய கதை நேர்மாறு. உம்முடைய விரலில் ஒரு மோதிரம். அதில் மூலைமட்டமும் கவராயமும் ஒன்றின் மேல் ஒன்று. இங்கே பொறியியலாளர்கள் மோதிரம் போடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஊரில் பெரிய படிப்புப் படித்துவிட்டு இங்கே இருக்கை தைக்கிறீர், பாவம், என்று நினைத்துக்கொண்டு, மனம் நோகும் என்று கேட்கவில்லை. மூன்று வருடம் கழித்து ஒருநாள்தான், "உந்த மோதிரம் என்ன?" என்று கேட்டேன்.

நீர் ஸ்டியரிங்கில் தட்டிச் சிரித்தீர். "மூண்டு வருசமாப் பாத்துக்கொண்டிருக்கிறன், இந்தாள் எப்ப கேப்பார் எண்டு!"

நீர் ஃபிரீமேசன் என்கிற பழைய ரகசியச் சங்கமொன்றின் ஆள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தொழிற்சாலையின் பழைய மேற்பார்வையாளர் ஒருவரிடம், நான் உம்மிடம் கேட்டது போலவே நீரும் மோதிரத்தைப் பற்றிக் கேட்டு, அப்படியே ஒஷாவாவில் அவர்களுடைய கிளை ஒன்றில், லொட்ஜ் என்பார்கள், சேர்ந்திருந்தீர். கடவுள் ஒருவர் உண்டு என்று நம்பினால் போதும், எந்தக் கடவுள் என்று கேட்கமாட்டார்கள் என்றீர். சத்தியம் செய்யும் நாளில் எந்த வேத நூலைக் கொண்டுவருகிறாய் என்று அவர்கள் கேட்க, நீர் உம்முடைய அம்மாவின் தோத்திரப் புத்தகத்தைக் கொண்டுபோனீர். உம்முடைய ஆறாவது வயதில் உம்முடைய அப்பா போன பிறகு, அந்தப் புத்தகத்தைப் படித்துப் படித்தே உம்மை வளர்த்தெடுத்த அம்மா. விபூதி படிந்த அந்தக் குட்டிப் புத்தகத்தைக் கிழவர்கள் வெள்ளைக் கையுறையோடு ஒருவர் மாறி ஒருவர் வாங்கிப் பார்த்தார்களாம்.

"எங்கட ஆக்கள் ஒருத்தரையும் வா எண்டு கூப்பிடாயினம்," என்றீர். "கேட்டால்தான் சொல்லுவினம். கேட்டால்தான் வருவினம்."

"எங்கட ஆக்கள் கேக்காமலே வருவினம்," என்றேன்.

"அதுதான் காணுறனே. போன சனிக்கிழமையும் ரெண்டு பேர் என்ரை பெல்லை அடிச்சவை."

இப்படிச் சிரிப்பில் தொடங்கியதுதான். பிறகு நீர் ஒஷாவா நூலகத்தில் புத்தகம் எடுத்து வாசிக்கத் தொடங்கினீர். ஒரு திங்கட்கிழமை காரில் ஏறியதும், வணக்கம் கூடச் சொல்லாமல், "உங்கட ஆள் எங்கட ஆளாம், தெரியுமோ?" என்றீர்.

எனக்குத் தெரியும். எங்கள் சபையை நிறுவியவர், 1842 மார்ச்சில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் நோவூ என்ற ஊரில், தன்னுடைய கடையின் மேல்மாடியில் வைத்து ஃபிரீமேசன் ஆனார். ஏழு கிழமை கழித்து, அதே மேல்மாடியில், எங்கள் கோயிற்சடங்கைத் தன் நெருங்கிய ஆட்களுக்கு முதன்முதலாக நடத்தினார். இரண்டிலும் ஏப்ரன் உண்டு, அடையாளங்கள் உண்டு, வெளியே சொல்லமாட்டேன் என்ற வாக்கு உண்டு. அதைச் சரித்திரக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள், எங்கள் சபையும் மறைப்பதில்லை. இதற்கு மேல் நான் அன்றைக்கும் உமக்குச் சொல்லவில்லை, இன்றைக்கும் எழுதமாட்டேன்.

"எங்கட வீட்டிலை வந்து சாப்பிட்டுப்போட்டு, எங்கட சட்டியையும் தூக்கிக்கொண்டு போயிட்டார் காணும்!"

"சட்டி உங்கடைதான். கறி எங்கடை."

பிக்கரிங் வரை நீர் அந்தக் கறியையே மென்றுகொண்டு வந்தீர். பிறகு, "நல்லாத்தான் இருக்கு," என்றீர். அன்றிலிருந்து எங்களுக்குள் வழக்கு வந்தால் 'சட்டியோ கறியோ' என்று கேட்பது பழக்கமாகிவிட்டது. நான் உம்மையும் விடவில்லை. சாலமோனின் கோயிலிலிருந்து வந்தது உங்கள் சடங்கு என்று நீர் நெஞ்சை நிமிர்த்தியபோது, "சாலமோனும் இல்லை ஒண்டும் இல்லை, ஸ்கொட்லாந்திலை கல்லுக் கொத்தின ஆக்கள் சேர்த்த சங்கம்," என்று உம்முடைய புத்தகத்திலிருந்தே எடுத்துக் காட்டினேன். எங்கள் சபையின் ஆரம்பகாலத்து ஆட்களும் சாலமோன் வரைக்கும்தான் போனார்கள்; மேசன்களிடம் இருந்தது உடைந்த பழையது, தங்களுடையது திருத்திய முழுசு என்று நம்பினார்கள். இல்லாத ஒரு பாட்டன் வீட்டுக்கு இரண்டு பேரும் காணி உறுதி வைத்துக்கொண்டு வழக்காடுகிறோம் என்று நீர்தான் சொன்னீர்.

ஒரு கோடையில் இரண்டு குடும்பமும் நயாகரா போனோம். பெண்கள் அருவியோடு நிற்க, நீர் என்னைத் தனியாக ஆறு ஏரியில் விழும் இடத்துக்குக் கூட்டிப்போனீர். அக்கரையில் அமெரிக்கக் கோட்டை தெரிந்தது. மேசன்களின் ரகசியத்தை அச்சில் போடப்போவதாக அறிவித்த ஒரு கல்தச்சரை, 1826 இல் கடத்திக்கொண்டுவந்து அங்கேதான் வைத்திருந்தார்களாம். படகில் இக்கரைக்குக் கொண்டுவந்து இங்கத்தைய மேசன்களிடம் கொடுக்கப் பார்த்ததாகவும், அவர்கள் வாங்க மறுத்ததாகவும் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு அந்த மனிதரை ஒருவரும் காணவில்லை. அமெரிக்கா முழுக்க மேசன்களுக்கு எதிராகக் கொந்தளித்து, அதற்கென்று ஒரு கட்சியே தொடங்கினார்கள்.

"அந்தாளின்ரை விதவைப் பெண் பிறகு எங்கட சபைக்கு வந்தவ," என்று நான் சொன்னேன். உமக்கு அது புதிது. நீர் கோட்டைப் பக்கம் திரும்பினீர். ஒரு வார்த்தையை வெளியே விடாமல் இருப்பதற்காக ஒரு மனிதனை இல்லாமல் செய்வதா என்று, யாரையோ கண்டிப்பது போலக் கேட்டீர்.

உம்முடைய குணம் முழுவதும் எனக்குத் தெரிந்தது அதற்கு அடுத்த குளிர்காலத்தில். பனி கொட்டி, 401 நெடுஞ்சாலையில் கார்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. எங்கள் நிறுவனர் சிறையில் கொல்லப்பட்ட கதையைச் சொன்னேன். துப்பாக்கிகளோடு கும்பல் படியேறி வந்தபோது, அவர் யன்னலுக்கு ஓடிக் கீழே நின்றவர்களைப் பார்த்துக் கூவினார். 'ஆண்டவரே, என் கடவுளே' என்ற அந்தக் கூவல், ஆபத்தில் ஒரு மேசன் மற்ற மேசன்களை அழைக்கும் அழைப்பின் தொடக்கம் என்று எங்கள் ஆட்கள் பிறகு எழுதிவைத்தார்கள். விதவையின் மகனுக்கு உதவ யாருமில்லையா என்று அந்த அழைப்பு முடியுமாம். கும்பலில் மேசன்களும் நின்றார்கள் என்பது எங்கள் ஆட்களின் ஆறாத மனக்குறை.

நீர் வழக்கம்போல எதிர்வாதம் செய்வீர் என்று காத்திருந்தேன். நீர் சைகை விளக்கைப் போட்டுக் காரை ஓரத்துக்கு எடுத்து நிறுத்தினீர்.

"அண்டைக்குக் கீழை நிண்ட எங்கட ஆக்கள் கையைக் கட்டிக்கொண்டு நிண்டது பிழை," என்றீர். "நான் மன்னிப்புக் கேக்கிறன்."

"உமக்கென்ன விசரே? நூற்றெழுபது வருசத்துக்கு முந்தின விசயம்!"

"இருக்கட்டும். நானும் ஒரு விதவையின்ரை மகன்தானே."

அன்றைக்கு இருவரும் வேலைக்கு நாற்பது நிமிடம் பிந்திப் போனோம். பனியென்று சொல்லித் தப்பினோம்.

ஓய்வுபெற்ற பிறகும் வாரத்தில் ஒருநாள் காரில் ஏறி, போக வேலை இல்லாவிட்டாலும், ஒஷாவா வரை போய்வருவோம். உமக்கு வருத்தம் வந்து உடம்பு தளர்ந்த பிறகு நான்தான் ஓட்டினேன். விட்பி தாண்டும்போது ஒருநாள், "உம்மட்டை ஒண்டு கேக்கவேணும்," என்றீர்.

அத்தனை வருடத்தில் நீர் என்னிடம் எதையும் அந்தக் குரலில் கேட்டதில்லை.

"நான் செத்தால், அந்த வெள்ளை ஏப்ரனைப் பெட்டியிலை என்னோடை வைச்சு அனுப்பவேணும். அது எங்கட வழக்கம். மனுசிக்கு நான் இன்னும் சொல்லேல்லை. கிளப்புக்குப் போறன் எண்டுதான் அவ நினைக்கிறா. மோதிரம் வேலையிலை தந்ததெண்டு நினைக்கிறா. மச்சான் போனிலை வாற வீடியோவெல்லாம் பாத்துப்போட்டு, மேசன் எண்டால் பேயைக் கும்பிடுறவை எண்டு வீட்டிலை வந்து கத்துறார். அதுதான் பேசாமல் விட்டிட்டன். அலுமாரியிலை மேல்தட்டு. எங்கட ஆக்கள் வந்தால், அவையையும் கொஞ்சம் பாரும். வீட்டாக்கள் கேளாமல் அவை ஒண்டும் செய்யாயினம்."

"உமக்கு நான் இருக்கிறன்," என்றேன். அப்படியே சொன்னேன்.

பிறகு, அழுதுவிடுவோமோ என்ற பயத்தில், "அதுமட்டும் போதுமோ? எங்கட கோயிலிலை செத்த ஆக்களுக்கும் பதிலாள் நிண்டு ஞானஸ்நானம் எடுக்கலாம். உமக்கும் ஒண்டு போட்டுவிடட்டோ?" என்று கேட்டேன்.

நீர் இருமி இருமிச் சிரித்தீர். "நான் கேக்காமல் செய்யாதையும் காணும்! செத்தாப் பிறகும் பெல்லை அடிக்கப் போறீரே?"

இனி, நான் செய்ததைச் சொல்லவேண்டும்.

உம்முடைய சடங்கு அன்று காலையில் நான் முதல் ஆளாக ஃபியூனரல் ஹோமுக்கு வந்தேன். உம்முடைய மனைவியைத் தனியே கூப்பிட்டு, அலுமாரியின் மேல்தட்டு என்று இரண்டு சொல் சொன்னால் போதும்; மகள் போய் எடுத்துவர இருபது நிமிடம். ஆனால் அவரைச் சுற்றிப் பெண்கள். கொஞ்சம் பொறுப்போம் என்று நின்றேன். அப்போது அவர்கள் வந்தார்கள். மூன்று வெள்ளைக்காரக் கிழவர்கள். கறுப்பு உடுப்பு, வெள்ளைக் கையுறை, பெட்டியில் வைக்க ஒவ்வொருவர் கையிலும், சீடர் என்கிற, குளிரிலும் இலை உதிராத மரத்தின் ஒரு சிறு கொப்பு. பின்வரிசையில், சுவரோடு, விறைப்பாக நின்றார்கள்.

உம்முடைய மச்சான், உம்முடைய மனைவியின் அண்ணன், அவர்களைக் கண்டார். பிறகு என்னைப் பார்த்தார். "ஆர் உவை? உவன்ரை சபைக்காரர்போலை கிடக்கு," என்று பக்கத்திலிருந்தவரிடம், எனக்குக் கேட்க வேண்டுமென்றே சொன்னார். "செத்த வீட்டிலையும் ஆள்பிடிக்கக் கூட்டிக்கொண்டு வந்திட்டான்."

என் காது சுட்டது. இருபத்தைந்து வருடமாக எங்கள் சனத்தின் கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் அந்தப் பார்வையைத் தாங்கியவன் நான். அன்றைக்கு, உம்முடைய பெட்டிக்கு முன்னால், தாங்க மனம் வரவில்லை.

மேலங்கிகள் தொங்கும் இடத்தில் அந்த மூன்று பேரிலும் மூத்தவர் என்னிடம் வந்தார். நீர் என்னைப்பற்றி அவருக்குச் சொல்லியிருக்கவேண்டும். குடும்பத்தார் நாங்கள் ஏதாவது செய்யவேண்டும் என்று விரும்புகிறார்களா என்று ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார்.

"எனக்குத் தெரியாது," என்றேன்.

அவர் தலையசைத்தார். ஐயர் கிரியை முடித்து, வாய்க்கரிசி போட்டு, பெட்டியை மூடும்வரை மூன்று பேரும் நின்றார்கள். யாராவது கேட்பார்கள் என்று நின்றார்கள். ஒருவரும் கேட்கவில்லை. கொப்புகளைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, வாகனத் தரிப்பிடத்தைக் கடந்து போனார்கள். ஏப்ரன் இல்லாமல் நீர் போனீர். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அந்த ஒரு வருடமும் நான் 401 இல் ஏறவில்லை. விட்பிக்குப் போகவேண்டி வந்தாலும் உள்வீதியால் சுற்றிப் போனேன்.

இதையெல்லாம், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில், உம்முடைய மனைவிக்குச் சொன்னேன். இது என்னுடைய சபைச் சாமான் இல்லை, எங்களுடைய ஏப்ரன் பச்சை, இது அவருடைய மேசன் ஏப்ரன் என்பதிலிருந்து தொடங்கினேன். மேசனுக்கும் மோர்மனுக்கும் ஏன் இப்படி ஒரு சாயல் என்று கேட்டார். கடையின் மேல்மாடியையும் சட்டியையும் கறியையும் சொன்னேன். உம்முடைய மகள் கறி என்றதும் சிரித்துவிட்டாள். தோத்திரப் புத்தகத்தை எடுத்துக் காட்டி, அவர் சாமி மாறவில்லை, மாமியின் புத்தகத்தில்தான் கைவைத்துச் சத்தியம் செய்தார் என்றேன். அதுவரை அடக்கிவைத்திருந்த உம்முடைய மனைவி அப்போதுதான் அழுதார்.

பிறகு அந்த மூன்று பேரைச் சொன்னேன். அவர்கள் கேட்டதையும், நான் சொன்ன பதிலையும்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உங்களுக்குத் தெரியுந்தானே, அண்ணை," என்றார். "ஏன் எனக்கொரு சொல்லுச் சொல்லேல்லை?"

"பயந்திட்டன், தங்கச்சி."

"எனக்கோ?"

"ஆக்களுக்கு."

அவர் ஏப்ரனை என் மடியிலிருந்து எடுத்து மடித்தார். "அந்தாக்கள் மூண்டு பேரும் இப்பவும் இருக்கினமோ?" என்று கேட்டார். "ஆட்டைக்கு வரச்சொல்லிக் கேட்டால் வருவினமோ?"

"கேட்டால் வருவினம்," என்றேன்.

அன்றைக்கே ஒஷாவாவுக்குப் போனேன். 401 ஆல் போனேன். மூத்தவர் மாசி மாதம் இறந்துவிட்டாராம். மேலங்கிகளின் பக்கத்தில் என்னிடம் கேட்டாரே, அவர்தான். அவருக்கு நான் சொன்ன பொய் பொய்யாகவே நிலைத்துவிட்டது. மற்ற இருவரிடமும் உண்மையைச் சொன்னேன். ஒருவர் என் தோளில் கைவைத்து, திகதியை மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

ஆட்டையன்று ஐயர் போன பிறகு, இன்னும் கைமாறாத உம்முடைய வீட்டுக்கே வந்தார்கள். வாசலில் சப்பாத்தைக் கழற்றுவதற்கு ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். கொப்புக்கு எங்கேயும் போகத் தேவையிருக்கவில்லை. உம்முடைய பின்வளவு வேலியே சீடர்தானே. மகள் போய் மூன்று கொப்பு முறித்துவந்தாள். நான் இரண்டு பேர்தான் என்றேன். "தெரியும் அங்கிள்," என்றாள்.

உம்முடைய மச்சான் நடுக் கூடத்தில் நின்றார். "உவை ஆர்?" என்று சத்தமாகவே கேட்டார்.

"உவை அவரின்ரை ஆக்கள்," என்றேன். "நான்தான் வரச்சொன்னனான். போன வருசமே கூப்பிட்டு முன்னுக்கு நிப்பாட்டியிருக்கவேணும்."

கூடத்தில் இருந்த எல்லாருக்கும் கேட்டது. மச்சான் தன்னுடைய தங்கச்சியைப் பார்த்தார். அவர், "நான் கேட்டுத்தான் வந்தவை," என்று சொல்லிவிட்டு, உம்முடைய படத்துக்கு முன்னால் ஏப்ரனை விரித்து, அதன் மேல் மாமியின் புத்தகத்தை வைத்தார். கிழவர்கள் கையுறை போட்டுக்கொண்டு நாலு வரி சொன்னார்கள். ஒவ்வொருவராகக் கொப்பை வைத்தார்கள். மூன்றாவது கொப்பை உம்முடைய மகள் என் கையில் தந்தாள். என்ன சொல்வதென்று தெரியாமல், வெறுமனே வைத்தேன்.

பிறகு எல்லாருக்கும் வடையும் பாயாசமும். உம்முடைய மனைவி எனக்கும் பழக்கதோஷத்தில் ஒரு தேத்தண்ணியை நீட்டிவிட்டு, "ஐயோ, அண்ணை குடியார்," என்று பறித்தெடுத்து, அதைக் கிழவர் ஒருவரிடம் கொடுத்தார். அவர் சீனி போதவில்லை என்றார். நீர் இருந்திருந்தால் இதை வைத்தே ஒரு மாதம் என்னைப் படுத்தியிருப்பீர்.

அடுத்தமுறை ஊருக்குப் போகும்போது உம்முடைய சாம்பலில் மிச்சத்தைக் கீரிமலைக் கடலில் கரைக்கக் கொண்டுபோகிறார்கள். செம்பை அந்த ஏப்ரனில் சுற்றித்தான் கொண்டுபோவேன் என்று உம்முடைய மனைவி சொல்லிவிட்டார். பிந்தித்தான், ஆனாலும் போய்ச்சேரும்.

புறப்படும்போது வாசலில் வைத்து அவர் இன்னொன்றும் சொன்னார். "அண்ணை, உங்கட கோயிலிலை செத்த ஆக்களுக்கும் ஏதோ செய்வினமாம். அவருக்குச் செய்ய உங்களுக்கு விருப்பமெண்டால் செய்யுங்கோ. எனக்கு மறுப்பில்லை."

எனக்கு விருப்பம். அதை உம்மிடம் மறைக்கமாட்டேன். மறுகரையில் உம்மை மறுபடி கண்டு, சட்டியோ கறியோ என்று வழக்காடவேண்டும் என்பதைவிடப் பெரிய ஆசை எனக்கு இல்லை. எங்கள் விதிப்படி மனைவி சம்மதித்தால் போதும். மாதத்தில் ஒருமுறை பிரம்டன் பக்கத்துக் கோயிலுக்குப் போகும்போது, உம்முடைய பெயரைத் துண்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் போகிறேன். அப்படியே கொண்டு திரும்புகிறேன்.

நீர் கேட்ட ஒன்றை நான் செய்யவில்லை. நீர் கேட்காத ஒன்றையாவது செய்யாமல் இருக்கிறேன்.